வெறுங்கயிறு

ஆண்கள் படைப்பிரிவில் எவனும் வேண்டாம் என்று தள்ளிவிட்டவனைத்தான் எங்கள் தலையில் கட்டினார்கள். பெயர் ப்ரோஹோர் ஸிர்யானவ். காமா ஆற்றில் மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். முப்பது வயதைத் தாண்டியிருந்தான், தோள் கதவளவு அகலம். வால் துப்பாக்கிக்காரனாக அவன் பறந்த இரண்டு குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன. இரண்டு தடவையும் அவன் ஒருவன்தான் உயிரோடு திரும்பினான். அவ்வளவுதான், பீடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் உட்கார்ந்த பலகையில் மற்றவன் உட்காரமாட்டான். எங்களுடையதோ பெண்கள் படைப்பிரிவு. விமானியும் பெண், வழி சொல்லும் நேவிகேட்டரும் பெண். வால் துப்பாக்கிக்குப் பெண்கள் போதாமல் ஆண்களை அனுப்பினார்கள். பெட்டைக் கோழிகளுக்கு இந்தச் சேவல் போதும் என்று நினைத்தார்கள்போல, நாசமாய்ப் போகிறவர்கள்.

நான் உஸ்தீன்யா, சுருக்கமாக உஸ்த்யா, நேவிகேட்டர். எனக்கு வாய் நீளம் என்று படைப்பிரிவு முழுக்கச் சொல்வார்கள், அது உண்மைதான். என் கமாண்டர் ஃபைனா லெவ்சென்கோ என்னைவிட ஒரு சாண் குள்ளம். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால்தான் அவளுக்கு மிதிகட்டை எட்டும். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். அவளோடு வாதாடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

ப்ரோஹோர் வந்து விறைப்பாக நின்றான்.

"தோழர் கமாண்டர், என்னைப் பத்திச் சொல்லியிருப்பாங்க."

"சொன்னாங்க" என்றாள் ஃபைனா. "ரெண்டு தடவ விழுந்து ரெண்டு தடவையும் பொழச்சவன்னு சொன்னாங்க. எனக்குப் பொழைக்கத் தெரிஞ்சவன்தான் வேணும். சாப்டியா?"

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும். அன்றைக்குக் கோதுமைக் கஞ்சியும் அமெரிக்க டப்பா இறைச்சியும். நேச நாட்டான் படையை அனுப்பாமல் டப்பாவை அனுப்புகிறான் என்று அதற்கு 'இரண்டாம் போர்முனை' என்று பெயர் வைத்திருந்தோம். மூன்று கிண்ணம் சாப்பிட்டான்.

ஃபைனா அப்படிச் சொன்னதற்குக் காரணம் லென்யா. ப்ரோஹோருக்கு முன்னால் எங்கள் வால் துப்பாக்கியில் இருந்தவன். வசந்தகாலத்தில் குபான் பக்கம் எங்கள் எஞ்சின் பற்றிக்கொண்டது, விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம் செத்துப்போனது. குதி என்று ஃபைனா கத்தினாள், பதிலில்லை. குதித்துவிட்டான் என்று நினைத்து நாங்கள் குதித்தோம். இறங்கிப் போய்ப் பார்த்தால் லென்யா உள்ளே இருந்தான். அவனை வெளியே எடுத்தபோது அவ்வளவு பெரிய ஆள் ஒரு குழந்தையளவுக்குச் சுருங்கியிருந்தான், விரல்கள் கதவுக் கைப்பிடியோடு ஒட்டியிருந்தன. ஃபைனா பிய்த்தெடுத்தாள். என்னை விடவில்லை, அவளே ஒவ்வொன்றாக எடுத்தாள். அதற்கப்புறம் அவள் தூங்கிய தூக்கத்தை எண்ணிவிடலாம்.

ஆகவே ப்ரோஹோர் வந்த இரண்டாம் நாளே ஃபைனா பாராசூட் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். பெஷ்கா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் குண்டுவீச்சு விமானத்தில் நானும் அவளும் முன்னால் ஒரு கூண்டில். நடுவில் பெட்ரோல் தொட்டியும் குண்டுகளும். அதற்குப் பின்னால் வாலருகே அவன் தனி. இன்டர்காம் போனால் அவன் இருக்கிறானா செத்தானா என்று தெரிய வழியே கிடையாது. கயிற்றை விமானத்தின் உள்பக்கமாகவே ஓட்டி, ஒரு முனையை என் கையிலும் மறுமுனையைக் கண்ணியாக்கி அவன் மணிக்கட்டிலும் கட்டினாள்.

"ஒரு இழு இழுத்தா உயிரோட இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழு இழுத்தா குதின்னு அர்த்தம். நீ குதிக்கிறப்போ கண்ணியக் கழட்டி விட்டுடணும். உஸ்த்யா கயித்த இழுத்து, வெறுங்கண்ணிய என் மடில போடணும். அப்பத்தான் நான் எந்திரிப்பேன்."

"கயிறு அறுந்துட்டா?" என்றேன்.

"அறுந்த முனை பிசிறா வரும். முழுக் கண்ணியா வந்தா அவனா கழட்டுனான்னு அர்த்தம். வாயால சொன்னா நம்பமாட்டேன், கண்ணால பாக்கணும்."

ப்ரோஹோர் கயிற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தோழர் கமாண்டர், இது சரியா வராது. முதல்ல நீங்க குதிக்கணும். நான் கடைசில."

"கமாண்டர்தான் கடைசி. சட்டம் தெரியாதா?"

"சட்டம் தெரியும். ஆனா ஆகாயத்துல துப்பாக்கி என்கிட்ட இருக்கு."

"வாய மூடு. நீ உள்ள இருக்கிற வரைக்கும் நான் அந்த இருக்கைய விட்டு அசையமாட்டேன். எரிஞ்சாலும் சரி."

"நானும் அசையமாட்டேன்."

"அட, ரெண்டு எருமைகளுக்கு நடுவுல நான் சாகணுமா?" என்று கத்தினேன். "நீ குதிக்காம அவ குதிக்கமாட்டா, அவ குதிக்காம நீ குதிக்கமாட்ட. நான் என்ன, நடுவுல உக்காந்து பாட்டுப் பாடட்டுமா?"

ப்ரோஹோர் சிரித்தான். அப்போதுதான் அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை என்று பார்த்தேன். கடைசியில் ஃபைனா கட்டளை என்றாள். கட்டளை என்றால் அவன் என்ன செய்வான், கண்ணியை மாட்டிக்கொண்டான்.

அந்தக் கோடை முழுக்க ஓர்யோல் நகரப் பக்கம் பறந்தோம். வானத்தில் நின்று இறைச்சி வெட்டினோம் என்றுதான் சொல்லவேண்டும், வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. மேலிருந்து செங்குத்தாகப் பாய்வோம், ரத்தம் கண்ணுக்கு ஏறும், ரயில் நிலையம் முகத்துக்கு நேராக வளர்ந்து வரும், நான் கத்துவேன், குண்டு போகும். திரும்பிப் பார்த்தால் ரயில் பெட்டிகள் எகிறிக் கிடக்கும். பெட்டிகளில் இருந்தவர்களும்தான். திரும்பி வரும் வழியில் ஜெர்மானியனின் மெஸ்ஸர் சண்டை விமானங்கள் காத்திருக்கும். ஒருமுறை பக்கத்து விமானத்தின் துப்பாக்கிக்காரனுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். ப்ரோஹோர்தான் வாளித் தண்ணீரும் கந்தலுமாக உள்ளே போய்க் கழுவினான். மற்றவர்கள் வாந்தி எடுத்தார்கள். அவன் கழுவிவிட்டு வந்து, கைகளை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். அன்றைக்குக் கொடுக்கும் நூறு கிராம் வோட்காவை எனக்குத் தள்ளிவிட்டான்.

அவனைச் சீண்டாத பெண் கிடையாது. காலையில் பறக்கும் முன் சவரம் செய்தால் திரும்ப வரமாட்டோம் என்பது விமானக்காரர்களின் பயம். அவன் சாயங்காலம்தான் தாடியை மழிப்பான். "யாருக்காக இந்த அலங்காரம், ப்ரோஷா? எங்கள்ல யாரப் பாத்து வச்சிருக்க?" என்று பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கேட்பார்கள். காது சிவந்துவிடும் அவனுக்கு. அவ்வளவு பெரிய ஆள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். கோபமே வராது. எனக்குத்தான் அவனுக்காகக் கோபம் வரும்.

ஒருநாள் மழை, பறக்கவில்லை. இறக்கைக்கு அடியில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். நானாகத்தான் கேட்டேன்.

"முன்னாடி என்னதான் நடந்துச்சு?"

"முதல் தடவ என்னை வெடியே தூக்கி வெளிய போட்டுது, தங்கச்சி. அவங்க ரெண்டு பேரும் எரிஞ்சுட்டாங்க. அதுல நான் செய்ய ஒண்ணும் இல்ல." புகையிலையைச் சுருட்டினான். "ரெண்டாவது தடவ குதின்னு கட்டளை வந்துச்சு, குதிச்சுட்டேன். சட்டப்படி துப்பாக்கிக்காரன்தான் முதல்ல. அப்புறம் அவங்களும் குதிச்சாங்க. மூணு பேரும் தொங்கிக்கிட்டு வர்றோம். மெஸ்ஸர் திரும்பி வந்தான். நிதானமா வந்தான். முதல்ல விமானிய, அடுத்தது நேவிகேட்டர. என்கிட்ட வர்றதுக்குள்ள குண்டு தீந்துட்டுது அவனுக்கு. என் துப்பாக்கி மேல ஆளில்லாத விமானத்துல பறந்து போகுது, நான் இங்க துணியில கட்டுன பொட்டலமா தொங்கறேன். நான்தான் ரெண்டு பேரையும் பொதச்சேன். நேவிகேட்டருக்கு வயித்துல இருந்ததையெல்லாம் அள்ளி உள்ள வச்சுப் பொதச்சேன்."

அவன் எழுந்து போய் விமானத்தின் அடிக்கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டான். அதைத் தினமும் செய்வான். லென்யாவின் விரல் கதையை நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஓகா ஆற்றின் மேல் ஒரு பாலம். ஜெர்மானியன் பின்வாங்கிக்கொண்டிருந்தான், பாலம் முழுக்க லாரி, குதிரைவண்டி, ஆட்கள். பாய்ந்தோம். எங்கள் குண்டு நடுவில் விழுந்தது. பாலம் இரண்டாக மடங்கியது. லாரிகள் வரிசையாக ஆற்றில் கொட்டின. குதிரைகள் வண்டியோடு சேர்த்து விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு தண்ணீரை நுரையாக்கின. அந்தக் குதிரைகளுக்காக எனக்கு நெஞ்சு வலித்தது. மனிதர்களுக்காக வலிக்கவில்லை.

நிமிர்ந்து மேலேறும்போது நான்கு மெஸ்ஸர்கள் சூரியனிலிருந்து இறங்கினார்கள். இன்டர்காமில் ப்ரோஹோரின் குரல், "வலது பக்கம் ரெண்டு, கீழ ஒண்ணு, தோழர் கமாண்டர், இடது திரும்புங்க, இடது", அதோடு நின்றுவிட்டது. முதல் அடியிலேயே இன்டர்காம் கம்பி போய்விட்டது. இரண்டாவது அடியில் என் கன்னம் கிழிந்தது. மூன்றாவதில் இடது எஞ்சின் பற்றியது. நான் என் துப்பாக்கியால் சுட்டேன், வாயில் ரத்தம் வழிய வழிய, தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிச் சுட்டேன். ப்ரோஹோரின் துப்பாக்கி அடிக்கும்போது விமானமே அதிரும். அந்த அதிர்வு நிற்கவில்லை, அதுதான் என் தைரியம்.

ஃபைனா அந்த எரியும் வண்டியைத் திருப்பி, போர்முனையைத் தாண்டி நம் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். எப்படி என்று கேட்காதீர்கள். இறக்கையின் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. கால் பக்கமிருந்து தீ உள்ளே வந்தது.

"கயிறு!" என்று கத்தினாள்.

இரண்டு இழு இழுத்தேன். ஒரு இழு திரும்பி வந்தது. உயிரோடு இருக்கிறான்.

"குதிச்சானா?"

"இல்ல!"

"அப்ப நானும் இல்ல."

"பைத்தியக்காரி, எரியிறடி!" உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தாள். இடது கால்சட்டை புகைந்தது, அவள் கீழே பார்க்கக்கூட இல்லை. நான் மறுபடி இரண்டு இழு இழுத்தேன். மறுபடி ஒரு இழு வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்றாம் முறை கை பிய்ந்துபோகிற மாதிரி இழுத்தேன். குதி, எருமையே, நீ குதிக்காவிட்டால் இவளும் இங்கேயே வெந்துபோவாள், உனக்குத் தெரியாதா?

கயிறு தளர்ந்தது. எதிர்ப்பே இல்லாமல் வந்தது. இழுக்க இழுக்க வந்து, கடைசியில் கண்ணி வந்தது. முழுக் கண்ணி, முடிச்சு கலையாமல், பிசிறில்லாமல். அதை ஃபைனாவின் மடியில் எறிந்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"போ, குதி" என்றாள். குதித்தேன். அவளும் குதித்தாள்.

பாராசூட் விரிந்த உதறலில் என் பூட்ஸ் இரண்டும் கழன்று போயின. அமைதி. அந்த அமைதியில் மெஸ்ஸரின் சத்தம் வந்தது. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவன் ஃபைனாவை நோக்கி வந்தான், அவசரமில்லாமல், நேராக. அவள் பாராசூட்டில் ஓட்டைகள் விழுந்தன. நான் காற்றில் கால்களை உதைத்துக்கொண்டு கத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அப்போது எங்கள் விமானத்திலிருந்து துப்பாக்கி அடித்தது.

ஓட்ட ஆளில்லாமல் எரிந்துகொண்டு, ஒருபக்கம் சாய்ந்து, பெரிய வட்டமாகச் சுற்றி எங்களைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்த விமானம் அது. அதன் வாலிலிருந்து ஒரு நெருப்புக் கோடு கிளம்பி அந்த மெஸ்ஸரின் வயிற்றில் போய்க் குத்தியது. மெஸ்ஸர் எகிறி, கரும்புகை கக்கி, தலைகீழாகப் போனான். இரண்டாமவன் விலகி ஓடினான். அவன் ஓடிய பின்னும் துப்பாக்கி அடித்துக்கொண்டே இருந்தது.

ஃபைனா அலறியது எனக்குக் கேட்டது. ஆகாயத்தில் அவ்வளவு தூரத்துக்கு மனிதக் குரல் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "ப்ரோஹோர்! ப்ரோஹோர்!" என்று அவள் கத்தக் கத்த விமானம் பிர்ச் மரக்காட்டுக்குள் போய் விழுந்தது.

ஃபைனாவின் பூட்ஸும் கழன்று போயிருந்தது, வெறுங்காலோடு ஓடினோம். அங்கே நம் காலாட்படைக்காரர்கள் இருந்தார்கள். விமானத்தின் முன்பாதி எரிந்துகொண்டிருந்தது. வால் மரத்தில் மோதி ஒடிந்து தனியே கிடந்தது. அதிலிருந்து அவனை இழுத்து ஒரு மழைத்துணியில் கிடத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றுமில்லை, எலும்பும் துணியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வயிறு கிழிந்திருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

ஃபைனா முட்டிபோட்டு உட்கார்ந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்தாள். அவள் கால் வெந்து தோல் உரிந்திருந்தது. அதற்கப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"பொய்க்காரா" என்றாள். "பொய்க்கார நாயே. வெறுங்கண்ணிய அனுப்பிட்டு உள்ளேயே உக்காந்திருந்தியா?"

"பூட்ஸ் எங்க, தோழர் கமாண்டர்?" என்றான்.

"ஏன்டா குதிக்கல? சொல்லு. ஏன் குதிக்கல?"

"கதவு சிக்கிட்டுது." ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயோரம் ரத்தம் வந்தது. "அடிபட்டுச் சிக்கிட்டுது. ரொம்ப உதைச்சேன், அசையல. நீங்களாவது போகட்டுமேன்னு கண்ணிய விட்டேன். திறந்திருந்தா உங்களுக்கு முன்னாடி குதிச்சு ஓடியிருப்பேன். நான் என்ன பைத்தியமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு என்னைத் தேடினான். "தங்கச்சி வந்துட்டாளா?"

"வந்துட்டேன், ப்ரோஷா."

"ரெண்டு பேரும்" என்றான். திருப்தியாகச் சொன்னான், சந்தையில் வாங்கவேண்டியதையெல்லாம் வாங்கிவிட்டவன் மாதிரி. "இந்தத் தடவ குழி நீங்க தோண்டுங்க."

கொஞ்ச நேரம் மூச்சு இழுத்தது. பிறகு நின்றுவிட்டது. நான் ஓவென்று அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். ஃபைனா அழவில்லை. லென்யாவுக்குப் பிறகு பார்த்த அதே முகம், கல் மாதிரி. எனக்குப் பயம் வந்தது. இவள் இனி பறக்கமாட்டாள், பறந்தாலும் ஒரு நாள் வேண்டுமென்றே கீழே கொண்டுபோய் மோதிவிடுவாள் என்று தோன்றியது.

"உஸ்த்யா" என்றாள். "போய் அந்தக் கதவப் பாத்துட்டு வா."

"எதுக்குடி?"

"அவன் ஒரு தடவ பொய் சொன்னவன். நான் குதிக்கணும்னுதான் அவன் உள்ள இருந்தானா, இல்ல நிஜமாவே சிக்கிட்டானா, எனக்குத் தெரியணும். நான் அவனுக்காகக் காத்திருந்து, அவன் எனக்காகக் காத்திருந்து, கடைசில என்னைக் காப்பாத்தத்தான் செத்தான்னா, என்னால தாங்க முடியாது. போ."

போனேன். ஒரு மீசைக்காரச் சிப்பாய் கூட வந்தான். வால் பக்கவாட்டில் கிடந்தது, அடிக்கதவு எங்களைப் பார்த்தபடி மூடியிருந்தது.

"இதத் தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒடிஞ்ச பக்கமாத்தான் அவர இழுத்தோம். கதவு கிட்ட யாரும் வரல."

கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது. திருப்பினேன். சத்தமேயில்லாமல் திரும்பியது, கீல்களில் எண்ணெய் பளபளத்தது. கதவு அதன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. உள்ளே அவன் பாராசூட் கொக்கியில் தொங்கியது, மடிப்புக் கலையாமல், ஒரு கருகல் கூட இல்லாமல். தரை முழுக்கக் காலித் தோட்டாக்கள். மேலே அவன் உட்கார்ந்து சுடும் வார் இருக்கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ரத்தமெல்லாம் மோதலில் அவன் போய் விழுந்த ஒடிந்த பக்கத்தில்தான். விமானம் விழுகிற வரை அவனுக்கு ஒரு கீறலும் பட்டிருக்கவில்லை.

நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடினேன். அங்கே கிடந்த இரும்புத் துண்டை எடுத்து, கைப்பிடி நசுங்கி உள்ளே போகிற வரை அடித்தேன். மீசைக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கப் போனான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது ஃபைனா அவன் தலையை மடியிலிருந்து இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சிக்கித்தான் கிடக்கு" என்றேன். "கைப்பிடி நசுங்கிப்போச்சு. நானும் இந்த ஆளும் சேந்து இழுத்துப் பாத்தோம், அசையல."

ஃபைனா சிப்பாயைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றான் அவன். "அசையல."

"அப்ப அவனுக்கு வேற வழி இல்ல."

"இல்லடி. வேற வழியே இல்ல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. குனிந்து அவன் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவன் தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, ஒரு மண்வெட்டி கொடுக்கச் சொன்னாள்.